பத்தடி பேனரில் அடங்காத பெயர்கள்

மஸ்கட்டில் நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் ஒருவரிடம் பெயர் கேட்டால் ஒரே பெயரோடு நிறுத்த மாட்டார். தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், கடைசியாகக் குலப்பெயர் என்று நாலும் வந்துவிடும். பத்தொன்பது வருஷமாக வார்டில் உட்கார்ந்து இவற்றை எழுதுகிறேன். படிவத்தில் கட்டம் போதாமல் ஓரத்தில் ஏற்றி எழுதுவேன். அதனால் வம்சம் என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்குப் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. அது தெரியாதவர்கள் வீட்டுக்குப் போய்வந்த கதைதான் இது.

நோயாளிகளுக்கு மத்தியான மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தபோது கோயம்புத்தூரிலிருந்து தம்பி தேவராஜ் அழைத்தான். அவன் மகள் பெனினாவுக்கு ஈரோட்டில் ஒரு மாப்பிள்ளை கூடிவந்திருந்தது எனக்கு முன்பே தெரியும். பையன் பெயர் ஜோயல். இருவரும் ஒரே கல்லூரியில் பிசியோதெரபி படித்தவர்கள், தாங்களே பேசி முடிவு செய்துகொண்டவர்கள். ஜோயலின் அப்பா தனராஜ் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார், தன் சபையில் மூப்பராகவும் இருக்கிறார். நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டோம், அத்தைக்காரி நீ இல்லாமல் எப்படி என்று கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். அதையும் கேட்டான். கூடவே இன்னொன்று சொன்னான். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வம்ச அட்டவணையை நாலு தலைமுறைக்குக் கேட்கிறார்களாம். பெண்ணின் ஞானஸ்நானப் பதிவும் சபை முத்திரையோடு வேண்டுமாம்.

எதற்கு என்றேன். அவர்கள் வீட்டு வழக்கம் என்றான். நிச்சயத்தன்று மத்தேயுவின் முதல் அதிகாரத்தை வாசிப்பார்களாம். ஆபிரகாமில் தொடங்கி இயேசுவரைக்கும், இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று பெயர் மேல் பெயராகப் போகும் பகுதி அது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அந்தப் பகுதி வந்தால் பாதிப்பேர் கைப்பைக்குள் மிட்டாய் தேடுவார்கள். தனராஜ் வீட்டில் அதை வாசித்த கையோடு இரண்டு வீட்டு வம்சத்தையும் வாசிப்பார்களாம்.

"சாதியெல்லாம் பாக்கறதில்லையாமாக்கா. வம்சம் மட்டுந்தான் பாப்பாங்களாமா," என்றான் தேவராஜ்.

சாதி கேட்க நாக்குக் கூசுகிறவர்கள் வம்சம் கேட்பார்கள். எங்கள் அப்பா வழியில் யார் யார் எந்தத் தோட்டத்தில் பண்ணையாளாக நின்றார்கள் என்பது நாலு தலைமுறைப் பெயரைச் சொன்னால் தானாக வந்து விழுந்துவிடும். இத்தனைக்கும் தனராஜின் முன்னோர்களும் அதே மாதிரி இன்னொருவர் தோட்டத்தில் தண்ணீர் கட்டியவர்கள்தானாம். இதைக் கேட்டதும் என் கோபம் இன்னும் ஏறியது.

ஆனால் தம்பியின் குரல் இறங்கியிருந்ததற்குக் காரணம் வேறு. பெனினா அவனுக்குப் பிறந்தவள் இல்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவன் வால்பாறையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தான். பக்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பொன்னி என்று ஒரு பெண், கொழுந்து பறிக்கிறவள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே புருஷன் மலையை விட்டு இறங்கிப் போனவன் திரும்பவில்லை. குழந்தைக்கு இரண்டு மாதம் இருக்கையில் பொன்னி காய்ச்சலில் போய்விட்டாள். தேவராஜும் அவன் மனைவி மேரியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள். ஞானஸ்நானத்தன்று கையில் ஏந்தி நின்றவள் நான். இதில் ரகசியம் எதுவும் இல்லை. பெனினாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும், ஜோயலுக்கும் தெரியும். தனராஜுக்குத்தான் தெரியாது. அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று ஜோயல் சொல்லியிருந்தான். இன்னும் சொல்லவில்லை.

விமானம் காலையில் கோயம்புத்தூரில் இறங்கியது. மஸ்கட்டில் ஜூன் மாத வெயிலை அனுபவித்துவிட்டு வருகிறவளுக்கு இந்த ஊர்க்காற்று பட்டதுமே பாதிக் கோபம் போய்விடும். மீதிப் பாதியை ஆட்டோக்காரர் கிளப்பிவிட்டார். மேம்பால வேலை நடக்கிறது என்று ஊரைச் சுற்றிக் காட்டி, பத்து நிமிஷத்தில் போகவேண்டிய சிங்காநல்லூருக்கு முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இறங்கும்போது, "பாத்துப் போங்கம்மா, மண்ணு வழுக்குமுங்க," என்று பெட்டியையும் இறக்கி வைத்தார். இவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது.

தம்பியின் வீடும் லேத் பட்டறையும் ஒரே சுவரில் இருக்கின்றன. பம்புக்கு ஷாஃப்ட் கடைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மேரி சந்தகை பிழிந்து தேங்காய்ப்பாலும் வைத்திருந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து தேவராஜ் போனை நீட்டினான். தனராஜ் அனுப்பிய பேனர் வடிவமைப்பு. இரண்டு வீட்டு வாசலிலும் கட்டுவதற்காம், பத்தடிக்கு ஆறடி.

மேலே தாடியோடு ஆபிரகாம். அங்கிருந்து கட்டம் கட்டமாக ஈசாக்கு, யாக்கோபு, யூதா என்று இறங்கி, தாவீது, சாலொமோன் வழியாக யோசேப்பு, கடைசியில் இயேசு. இயேசுவிடமிருந்து பொன்னிறத்தில் ஒரு பெரிய அம்புக்குறி கிளம்பி, மோசே என்ற கட்டத்தில் முடிகிறது. வேதத்தில் வரும் மோசே இல்லை. தனராஜின் பாட்டனார், அந்தக் குடும்பத்தில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர். நடுவில் கிடக்கும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷத்தை மூன்று புள்ளி வைத்துத் தாண்டியிருந்தார்கள். மோசேவுக்குக் கீழே அவர் மகன், அவருக்குக் கீழே தனராஜ், பிறகு ஜோயல். வலது பக்கம் எங்களுக்கு. அங்கே பெனினாவின் படம் மட்டும் இருந்தது, மேலே நாலு கட்டங்கள் காலியாக இருந்தன.

எனக்கு ஏதோ இடித்தது. திரும்ப மேலிருந்து பார்த்தேன். மத்தேயு அந்த வரிசையில் சில பெண்களையும் சேர்த்திருக்கிறார். மாமனார் நியாயம் செய்யாததால் முகத்தை மூடிக்கொண்டு வழியில் உட்கார்ந்து தன் உரிமையை வாங்கிய தாமார். எரிகோ ஊரின் வேசி ராகாப். வேற்று நாட்டிலிருந்து மாமியாரோடு வந்து அடுத்தவர் வயலில் கதிர் பொறுக்கிய விதவை ரூத். அப்புறம் உரியாவின் மனைவி. அவள் பெயரைக்கூடச் சொல்லாமல் உரியாவின் மனைவி என்றே குறித்து, தாவீது உரியாவைச் சாகவிட்டு அவளை எடுத்துக்கொண்ட அநியாயத்தை வம்சத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார். வம்சப் பெருமை பேச நினைப்பவர் முதலில் மறைக்கிற பெயர்கள் இவை. மத்தேயு தேடிப்பிடித்துச் சேர்த்திருக்கிறார். பேனரில் ஒருத்தியும் இல்லை.

மேரி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "என்ற பேர்க்காரியவே காணமுங்கண்ணி," என்றாள்.

மரியாளையும் விட்டிருந்தார்கள். யோசேப்பிலிருந்து இயேசுவுக்கு நேராக ஒரு கோடு. யோசேப்பு இயேசுவை வளர்த்தவர்தான், பெற்றவர் இல்லை. இரண்டாயிரம் வருஷமாகச் சபையார் எதைச் சொல்லக்கூடாது என்று எச்சரித்து வந்தார்களோ, அதைத் தனராஜ் மூப்பர் நாலு வண்ணத்தில் அச்சடித்திருந்தார். தேவராஜ் ஏற்கெனவே பணிவாகக் கேட்டிருக்கிறான். பேனர் பத்தடிதான், பெண்கள் பெயரையும் போட்டால் எழுத்து சின்னதாகிவிடும் என்று பதில் வந்ததாம்.

அடுத்த நாள் பதிவை வாங்க நான் வால்பாறைக்குக் கிளம்பினேன். தம்பிக்குப் பட்டறையில் வேலை. எனக்கும் அந்த மலையைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. ஆழியாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளுக்கு எண் போட்ட பலகைகள் வரத் தொடங்கின. ஒன்பதாவது வளைவுக்கு ஒரு பெரிய பயண நூலே எழுதலாம், அத்தனை அழகு. பதினேழாவதில் பஸ் மூச்சை விட்டது. ஓட்டுநர் இறங்கி முன்பக்க மூடியைத் திறந்தார், ஆவி வந்தது. எல்லாரும் இறங்கி ஓரமாக நின்றோம். மஸ்கட்டில் பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் அறிவிப்பு வரும். இங்கே ஓட்டுநர் ஒரு பீடியைப் பற்ற வைத்தார், அதுதான் அறிவிப்பு.

மடியில் பிரஷர் குக்கர் பெட்டியை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்த அம்மா, வாந்தி வராமலிருக்க எனக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தவர், இப்போது என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க ஆரு ஊடுங்க?"

பாருங்கள், அதே கேள்விதான். ஆனால் எனக்குச் சிரிப்பு வந்தது. ஃபிட்டர் தேவராஜின் அக்கா என்றேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. அவரும் பொன்னியும் ஒரே வரிசையில் கொழுந்து பறித்தவர்களாம். பொன்னி மகள் எப்படி இருக்கிறாள், படித்தாளா, என்ன நிறம், உயரமா குட்டையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். போனில் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"அதே நெத்திங்க. பொன்னி ஒண்ணும் பேச மாட்டாளுங்க, ஆனா கொழுந்து எடை போடறப்ப முள்ளு ஒரு பக்கம் சாஞ்சுதுன்னு வெய்யுங்க, கூடையக் கீழ வெச்சுப்போட்டு எந்திரிச்சு நின்னுக்குவா. சரியாப் போடற வரைக்கும் நகர மாட்டா. இவளும் அப்படித்தானுங்களா?"

அப்படித்தான் என்றேன். பஸ் கிளம்பிய பிறகும் எனக்குள் ஒரு சந்தோஷம் ஓடிக்கொண்டே இருந்தது. வம்சம் என்றால் இதுதான் என்று தோன்றியது. யாருடைய நெற்றி, யாருடைய பிடிவாதம் என்று ஆசையாகக் கேட்பது.

வால்பாறையில் டீ குடித்தேன். சுற்றிலும் மலை மலையாகத் தேயிலை, கண்ணாடி டம்ளரில் செம்மண் தண்ணீர். நல்ல தூள் முழுக்க எங்களுக்கு மஸ்கட்டுக்கு வந்துவிடுகிறது போலிருக்கிறது. தேயிலை பறிக்கிற கைக்கு இதுதானா என்று கடைக்காரரிடம் கேட்டேவிட்டேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார்.

தேவாலயத்தில் இருந்தவர் இளம் போதகர், வந்து ஒரு வருஷம்தான் ஆகிறதாம். இரும்பு அலமாரியிலிருந்து நீளமான பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பெயர், பிறந்த நாள், தகப்பன், தாய், ஞானப் பெற்றோர், குறிப்பு என்று பத்திகள். பெனினா என்ற பெயருக்கு நேரே தகப்பன் தேவராஜ், தாய் மேரி. குறிப்புப் பத்தியில் அந்தக் காலத்து உபதேசியார் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: பெற்றவள் பொன்னி, கொழுந்து பறிப்பவள், மரித்தாள். இவ்விருவரும் தங்கள் பிள்ளையாக ஏற்றார்கள்.

போதகர் விவரமானவர். எதற்குக் கேட்கிறேன் என்று புரிந்துகொண்டார். சான்றிதழில் குறிப்பை எழுதவேண்டும் என்று கட்டாயம் இல்லை, அப்பா அம்மா பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவும் பொய் ஆகாது என்று மெதுவாகச் சொன்னார். எனக்குச் சபலம் தட்டியது, மறைக்கவில்லை. ஒரு வரியை விட்டால் நாலு பேருக்கும் நிம்மதி. வெளியே வந்து பெனினாவுக்குப் போன் செய்தேன்.

"அத மட்டும் உட்டுப்போடாதீங்கத்தை," என்றாள். "எங்கம்மா பேரு எழுதியிருக்கறது அந்த ஒரு எடத்துலதானுங்க."

உள்ளே போய் எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். போதகர் முத்திரை குத்திவிட்டு, ஈரம் காயும்வரை தாளை ஊதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வீட்டில் அதற்காகவே சண்டை. தேவராஜ் தாளைப் படித்துவிட்டு லேத்தை நிறுத்தினான். போதகரே நல்லவிதமாக எழுதித் தருகிறேன் என்று சொன்னபோது வாங்கிவர வேண்டியதுதானே என்றான். கல்யாணம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்றான். இருபத்தாறு வருஷமாக எவனிடமும் எதையும் மறைக்காதவன், ஒரு மஞ்சள் மண்டிக்காரரின் பேனருக்காக மறைக்கப் பார்க்கிறான். அவன் மேல் வந்த கோபத்தைவிட, அவனை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் மேல்தான் எனக்கு அதிகம் வந்தது. பெனினா எங்கள் முன்னாலேயே ஜோயலை அழைத்துப் பேசினாள். அப்பாவிடம் நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றான். நேரம் பார்த்துச் சொல்கிறவர்களை நான் வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நேரமே வருவதில்லை.

சனிக்கிழமை வேனில் ஈரோட்டுக்குப் புறப்பட்டோம். பெருந்துறைக்குச் சற்று முன்னால் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. பட்டுச்சேலையோடு சாலை ஓரத்தில் நின்று, பொழுது போகாமல் ஈரோட்டுப் பஸ்களை எண்ணினேன். அரை மணி நேரத்தில் நாலு போயிற்று. பேசாமல் பஸ்ஸிலேயே வந்திருக்கலாம் என்றேன். சம்பந்தி வீட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கினால் நன்றாக இருக்குமா என்றான் தம்பி. அவனுக்கு எல்லாமே பயமாக இருந்தது.

தனராஜ் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்ததுமே மஞ்சள் வாசனை. வாசலில் பந்தல், பந்தலுக்கு உள்ளே பேனர். நாங்கள் போனில் அனுப்பியிருந்த பெயர்களை எங்கள் பக்கத்துக் கட்டங்களில் போட்டிருந்தார்கள். ஆளாளுக்கு வாங்க வாங்க என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். வெல்லம் போட்டுப் பொரித்த கச்சாயம் சுடச்சுட வந்தது. நான் மூன்று தின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஜெபம் தொடங்குவதற்கு முன் வாசிக்கிற தாளில் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித் தனராஜ் சான்றிதழை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். குறிப்புக்கு வந்ததும் இன்னொரு முறை படித்தார். பிறகு ஜோயலைப் பார்த்தார். ஜோயல் பேனருக்குக் கீழே மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான். தனராஜ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு தேவராஜுக்கு எதிரே உட்கார்ந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"சம்பந்திங்க, தப்பா நெனைக்கப்படாது. பொண்ணு தங்கமான பொண்ணுங்க. ஆனா வேரு தெரியலீங்களே. அந்தம்மா எந்த வழியோ, என்ன சாபம் கூட வருதோ, நமக்கென்னுங்க தெரியும்? ஒரு மூணு நாளு உபவாச ஜெபம் வெச்சு அத முறிச்சுப்போட்டு, அப்பறமா நிச்சயத்த வெச்சுக்கலாமுங்க. பேனர்ல உங்க பக்கத்துப் பேரெல்லாம் வேண்டாமுங்க. பொண்ணு பேரு மட்டும் இருக்கட்டும்."

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவர் கழுத்தில் கத்தி வைத்தாலும் 'ங்க' போட்டுத்தான் வைப்பார்கள். பொன்னி என்ன சாபத்தை விட்டுப் போனாள்? கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள், அவ்வளவுதான். மூன்று நாள் பட்டினி கிடந்து முறிக்க வேண்டியது அவளிடம் என்ன இருந்தது? எனக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் தேவராஜ் பேசினான். ஒரு வாரமாக நடுங்கிக்கொண்டிருந்தவன்.

"என்ற பேரு இருக்கட்டுமுங்க," என்றான். "நாந்தானுங்க அப்பன்."

"வளத்துனவருங்க. அத ஆருங்க இல்லைங்கறாங்க," என்றார் தனராஜ்.

பெனினா எழுந்தாள். அந்த பஸ்ஸில் பார்த்த அம்மா இருந்திருந்தால் அடையாளம் சொல்லியிருப்பார்.

"மாமா, யோசேப்புல இருந்து இயேசுவுக்கு ஒரு கோடு போட்டிருக்கீங்களே, அது எந்த ரத்தமுங்க?"

தனராஜ் திரும்பித் தன் பேனரைப் பார்த்தார். பந்தலில் இருந்த எல்லாருமே பார்த்தார்கள். அவர்கள் சபையின் போதகரும் அங்கே இருந்தார். அவர் இவ்வளவு நேரம் அதை வாசித்திருக்கவில்லை போலிருக்கிறது, இப்போது வாசித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது தேவ காரியமம்மணி," என்றார் தனராஜ்.

"அப்ப எங்கப்பா பண்ணுனது ஆரு காரியமுங்க?"

பெனினா பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. அவள் ஜோயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு நாடி பார்க்கிற பழக்கம் இருப்பதால் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். அறுபதுவரை எண்ணினேன். ஜோயல் அப்பாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், அவளையும் ஒருமுறை பார்த்தான். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவள் தனராஜின் கையிலிருந்து சான்றிதழை வாங்கி மடித்துக்கொண்டாள். நாங்கள் செருப்பைத் தேடி மாட்டினோம். தேவராஜ் அப்போதும் வாசலில் திரும்பி, போயிட்டு வாரமுங்க என்றான். தனராஜ், சாப்பிட்டுப்போட்டுப் போலாமுங்களே, இலை போட்டாச்சுங்க என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திரும்பும் வழியில் அவிநாசிக்கு அருகில் ஒரு பேக்கரியில் நிறுத்தித் தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டோம். வால்பாறை டீயைவிட நன்றாக இருந்தது. மறுபடியும் வேனில் ஏறிய பிறகுதான் எனக்கு அந்தப் பொன்னிற அம்புக்குறி ஞாபகம் வந்தது. இயேசுவிலிருந்து தனராஜின் பாட்டனார் மோசேவுக்குப் போகிற அம்பு. இயேசுவுக்குப் பிள்ளை ஏது, குட்டி ஏது. அந்த அம்பு எந்த ரத்தத்தில் வந்தது? நம்மைப் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார், சுவிகாரம் எடுத்தார் என்று சொல்லித்தானே அந்த மோசேவுக்குத் தலையில் தண்ணீர் தெளித்தார்கள்? பேனரில் ஆபிரகாமோடு தனராஜைச் சேர்க்கிற ஒரே கோடு, எடுத்து வளர்த்த கோடு. அதன் கீழே உட்கார்ந்துகொண்டு, எடுத்து வளர்த்த பெண்ணுக்கு வேர் கேட்கிறார். இதை அங்கேயே அவர் முகத்துக்கு நேராகக் கேட்காமல் விட்டேனே என்று வேனுக்குள் சத்தமாகவே புலம்பினேன். எனக்கு எப்போதும் புத்தி பாதி வழியில்தான் வந்து சேரும்.

பெனினா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அழுகிறாளோ என்று தோளைத் தொட்டேன். அழவில்லை.

"யோசேப்புக்கும் மொதல்ல மனசில்லீங்கத்தை. தன்ற பிள்ளை இல்லைன்னு மரியாள ரகசியமாத் தள்ளி உட்டரலாம்னுதான் நெனச்சாரு," என்றாள். "ஆனா கனவுல தூதன் சொன்னதக் கேட்டுத் தூங்கி எந்திரிச்சதும் போயி மரியாளக் கூட்டியாந்துட்டாரு. ஜோயலு முழிச்சுட்டே உக்காந்துட்டிருந்தாரு."

அதன் பிறகு மேரி அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள்.

நான் மஸ்கட் திரும்புவதற்கு முதல்நாள் காலையில் ஜோயல் போன் செய்தான். அப்பா வளர்ந்த விதம் அப்படி, கொஞ்சம் பொறுத்துக்கொள், நான் பேசிப் பார்க்கிறேன் என்று என்னென்னவோ சொன்னான். பெனினா குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். பிறகு, "நீயா எந்திரிச்சு வா ஜோயல். எங்கப்பன்கிட்ட வந்து கேளு. அப்பறம் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். கதவைச் சாத்தாமல் அவள் இப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. நானாக இருந்தால் சாத்தியிருப்பேன். மேரி அந்தச் சான்றிதழை வேதாகமத்தில் மத்தேயு தொடங்குகிற பக்கத்தில் வைத்திருக்கிறாள். தேவராஜ் பட்டறையில் மறுபடி ஷாஃப்ட் கடைகிறான்.

மஸ்கட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வார்டில் நாலு பெயர் எழுதும் படிவங்கள் அப்படியே இருக்கின்றன. நான் தினமும் வேலை முடிந்து போனவுடன் தம்பிக்குப் போன் போட்டு, யாராவது வந்தார்களா என்று கேட்கிறேன். இல்லைக்கா என்கிறான்.

மரியாளைக் கூட்டிவர யோசேப்பு எத்தனை தூரம் நடந்தார் என்று மத்தேயு எழுதவில்லை. ஈரோட்டிலிருந்து கோயம்புத்தூருக்கு இரண்டு மணி நேரம்தான். அரை மணிக்கு நாலு பஸ் ஓடுகிறது, நானே நின்று எண்ணியிருக்கிறேன்.